உரிக்காமல் விட்ட தாள்

என் வலது கை பொல்லாத கை. சூலூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் பதினெட்டு வருடமாக மோட்டாருக்கு வைண்டிங் போடுகிறேன். செப்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, இரும்பு வளையத்தின் குறுகலான பள்ளங்களுக்குள் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி இறக்கும் வேலை. அதைச் செய்து செய்து, மெதுவாகத் தொடுவது என்பதே இந்தக் கைக்கு மறந்துவிட்டது. நான் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டம்மா, “ஏனுங்க, ஊட்டுல சண்டைங்களா?” என்று எட்டிப் பார்க்கிறார். நாற்பது வயதாகியும் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், எவன் தாங்குவான் என்று இந்தக் கையைத்தான் காட்டுவேன்.

இதே கைதான் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறது. நான் ஒன்றும் ஆசைப்பட்டு வாசிக்க வந்தவள் இல்லை. எங்கள் பாடல் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர் வேலை மாறி பெங்களூருக்குப் போய்விட்டார். நாலு வாரம் வெறும் கைத்தட்டலோடு பாடினோம். ஐந்தாம் வாரம் குழுவில் ஒருவர், “பொம்பளைங்கள்ல யாராச்சும் கத்துக்கறீங்களா? எங்கீங்க, உங்களுக்கெல்லாம் வராதுங்க” என்று கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “ஆறு மாசம் குடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். செல்போனில் வீடியோ பார்த்து, விரல் நுனியெல்லாம் தோலுரிந்து, சர்ச்சின் பழைய கிட்டாரில் கற்றுக்கொண்டேன். ஆறு மாதம் கேட்டவள் ஐந்தாம் மாதமே மேடையில் நின்றேன். எங்கள் சர்ச்சில் மைக் பாதி நாள் ஊமையாகிவிடும். அதனால் பலமாக வாசிக்க வேண்டும். பலத்துக்கு என்னிடம் பஞ்சமில்லை.

அந்தப் பழைய கிட்டாரின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எத்தனையோ பேர் ‘பிக்’ வைத்து இழுத்து இழுத்து, நடு ஓட்டைக்குக் கீழே வார்னிஷ் போய், மரமே குழிந்து கிடந்தது. பிக் என்பது கம்பியை மீட்ட விரலிடுக்கில் பிடிக்கும் சின்னப் பிளாஸ்டிக் வில்லைதான். ஆனாலும் மரத்தைத் தின்றுவிடும். கடைசியில் ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவிலேயே அந்தக் கிட்டாரின் கழுத்து படக்கென்று பெயர்ந்து என் கையோடு வந்துவிட்டது. சபையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

அடுத்த வாரத்துக்கு எங்கள் வீட்டிலிருந்த கிட்டாரை எடுக்க வேண்டியதாயிற்று. அது என் தங்கையுடையது.

தங்கை என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். நர்ஸ். கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, முதல் சம்பளம் வந்த வாரமே கறுப்புப் பையில் ஒரு கிட்டாரோடு வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக ஓட்டைக்குக் கீழே ஒரு தகடு ஒட்டியிருப்பார்களே, பிக் உரசினாலும் மரத்தில் படாமலிருக்க, அது இந்தக் கிட்டாரில் கிடையாது. மேலிருந்து கீழ்வரை வெறும் மரம், வெளிறிய வெண்ணெய் நிறத்தில், மெல்லிய ஒரு பூச்சோடு. அப்பா அதைக் கட்டிலில் படுக்க வைத்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு தெருவில் இறங்கி நாலு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். “என்ற சின்னவ புதுசு வாங்கிட்டு வந்திருக்கறா, வந்து பாருங்க” என்றார். தொட வந்தவர்களை, “பாத்தாப் போதுமுங்க” என்று தடுத்தும்விட்டார்.

அப்பாவுக்கு ‘புதுசு’ என்றால் என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் முப்பது வருடம் கூலி வேலை செய்தவர் அவர். நாங்கள் வளர்ந்ததெல்லாம் தோப்புக்காரர் வீட்டில் கழித்துக் கொடுத்த சாமான்களில்தான். கைப்பிடியில்லாத குக்கர், ஒரு கால் ஆடும் கட்டில், காலரில் இன்னொருவர் பெயரெழுதிய சட்டை. நான் சுமந்த பள்ளிக்கூடப் பையில் பேனாவால் அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. அவள் எனக்கு ஒரு வகுப்பு மேலே அதே பள்ளிக்கூடத்தில் படித்தாள். பிரேயரில் நிற்கும்போது பையைத் திருப்பி வைத்துக்கொள்வேன். அம்மாவுக்கு அது தெரியும், கடைசிவரை அதைப் பற்றி அவள் பேசியதில்லை. பிறகு நான் வேலைக்குப் போய் மிக்சி, பீரோ, டிவி எல்லாம் வாங்கினேன். அதெல்லாம் தேவைக்கு. ஆசைக்கென்று புதிதாக எங்கள் வீட்டு வாசல்படி ஏறிய ஒரே பொருள் அந்தக் கிட்டார்தான்.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் தங்கை வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபோது கிட்டாரை விட்டுவிட்டுப் போனாள். “நீங்க நல்லா வாசிங்கக்கா” என்று மட்டும் சொன்னாள். நிபந்தனை போட்டது அப்பா. சர்ச்சுக்கு எடுத்துப் போகட்டுமா என்று நான் கேட்டபோது, வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “எடுத்துட்டுப் போ கண்ணு. ஆனா அவ வாரப்ப புதுசாட்டவே குடுத்துப்போடோணும். நம்ம கைக்கு வந்தா அழுக்காயிருமுன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது.”

“ஒரு கீறல் விழாதுங்கப்பா” என்றேன். வாய்தான் சொன்னது. கையைக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு இரண்டாவது பாட்டிலேயே பிக் மரத்தில் கரக்கென்று இழுத்தது. மீதிப் பாட்டையெல்லாம் தடவித் தடவி வாசித்தேன். பின்வரிசையில் இருந்தவர்கள், “இன்னைக்குக் கிட்டார் வல்லீங்களா?” என்று விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நல்லவேளை, பிக்கின் பிளாஸ்டிக் தேய்ந்த வெள்ளைக் கோடுதான், துடைத்ததும் போயிற்று. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் கைக்கு முன்னால் இந்தப் பூச்சு இரண்டு மாதம் தாங்காது. மெதுவாக வாசித்தால் சபைக்குக் கேட்காது. பலமாக வாசித்தால் மரம் போய்விடும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொன்னால் நான் கொடுப்பேனா? இரண்டும் வேண்டும் எனக்கு.

முதலில் கம்பெனியில், மோட்டார்ப் பள்ளத்துக்குள் கம்பிக்கு அடியில் வைக்கிற பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டு வாங்கி வந்து, ஓட்டையின் வளைவுக்கு ஏற்ப வெட்டி, ஓரத்தில் டேப் போட்டேன். வாசித்தால் கம்பி ஒரு பக்கம், இந்தத் தாள் ஒரு பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டது. குழுவில் ஒரே கிண்டல். “அம்மணி, கிட்டாருக்கு ரெயின்கோட்டுங்களா?” என்றார், பெண்களுக்கு வராதென்று சொன்ன அதே ஆள். “உங்க வாய்க்கும் ஒண்ணு தெச்சுத் தரட்டுங்களா?” என்றேன்.

பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பைக் டேங்கைப் பார்ப்பதுபோல அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஒட்டிப்போடலாமுங்க, பத்து வருசத்துக்கு வராது” என்றார்.

“வராட்டி எனக்கெதுக்குங்க? வரோணும்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஒட்டினால் போகாத ஸ்டிக்கர் கேட்டுத்தான் எல்லோரும் வருவார்கள். பசை பட்டால் பூச்சு உரிந்து வரும், நாளைக்கு எடுத்தால் ஒன்றுமே ஒட்டாத மாதிரி இருக்க வேண்டும் என்று நான் அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் மேல் பலகையிலிருந்து ஒரு சுருளை இறக்கினார். கார் கண்ணாடியில் வெயிலுக்கு ஒட்டுவார்களே, பசையே இல்லாமல் தானாகப் பிடித்துக்கொள்ளும் தாள், அதில் நிறமில்லாத வகை. இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, தாளைப் படுக்க வைத்து, பழைய அடையாள அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்தார். குமிழெல்லாம் ஓடிப்போய் தாள் இருக்கும் இடமே தெரியவில்லை. ஒரு மூலையை நகத்தால் கிளப்பினார், முழுசும் கையோடு வந்தது. அடியில் மரம் அப்படியே இருந்தது. எனக்கு அந்த மனிதரைக் கும்பிடலாம்போல இருந்தது.

“ஒண்ணு மட்டுமுங்க” என்றார். “வாசிச்சு முடிச்சதும் உரிச்சுப்போடுங்க. கார் கண்ணாடிக்குச் செஞ்சதுங்க இது, மரத்துக்கில்லீங்க. வெச்சது வெச்சபடி உட்டுடாதீங்க.”

சரியென்று தலையை ஆட்டினேன். மூன்று மாதம் அப்படியே செய்தேன். ஞாயிறு காலை ஒட்டுவேன், மதியம் உரிப்பேன், சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் காய வைப்பேன். எதிர்வீட்டுப் பெண், “இதென்னக்கா, புதுசா ஏதோ வத்தல் போடறீங்க?” என்று கேட்டாள். தாள் இருக்கும் தைரியத்தில் என் கை இஷ்டத்துக்கு வாசித்தது. மைக் இல்லாத நாட்களிலும் சபை முழுக்கக் கேட்டது. தங்கையிடம் வீடியோ காலில் பெருமையாகக் காட்டினேன். “எதுக்குங்கக்கா இந்தப் பாடெல்லாம்? சும்மா வாசிங்க” என்றாள். என்ன பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தத் தப்பைச் செய்தேன். எங்கள் வீட்டில் புதுப்பொருளின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையை யாரும் உரிப்பதில்லை. டிவி ரிமோட் வந்த உறையிலேயே இருக்கிறது, பட்டன் நம்பர் தெரியாது, குத்துமதிப்பாக அழுத்துவோம். அப்பாவின் செல்போன் முகத்தில் கடையில் ஒட்டிய விளம்பரத் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. பிரிட்ஜின் கதவில் நீலத் தாள் ஓரமெல்லாம் சுருண்டு கிடக்கிறது. அதையெல்லாம் சொல்லி நான் அப்பாவைக் கேலி செய்வேன். ஆனால் ஒரு ஞாயிறு உரிக்க நேரமில்லாமல் விட்டேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் தாள் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. அப்பாவும், “இருக்கட்டுமே கண்ணு, எதுக்கு உரிக்கறே? காபந்தா இருக்குதல்ல” என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. அப்புறம் நான் அதை உரிக்கவே இல்லை. கிட்டாரை முன்னறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தோம், வருவோர் போவோர் கண்ணில் படும்படி, ஜன்னலுக்கு நேரெதிரே. காலை வெயில் தினம் அதன்மேல் விழும்.

தங்கை வரும் தேதி சொன்னாள். அந்தச் சனிக்கிழமை, அவளிடம் சுத்தமாக ஒப்படைக்கலாமென்று தாளை மூலையில் கிளப்பி உரித்தேன்.

அடியில் அதே வடிவத்தில் மரம் வெள்ளையாக இருந்தது. சுற்றியிருந்த மரமெல்லாம் வெயிலில் பழுத்துத் தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. நாள்தோறும் பார்த்ததால் எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. வெயிலுக்கென்றே செய்த தாள் அல்லவா, நிறமில்லாவிட்டாலும் வெயிலை மறித்திருக்கிறது, இதற்கு அடியில் மட்டும் நிறம் மாறவில்லை. வாட்ச் கழற்றிய கைபோல, நான் கத்திரியால் வெட்டிய வளைவு அச்சாக அங்கே இருந்தது. துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். போகுமா? அட கடவுளே, கீறல் விழுந்திருந்தால்கூட ஒரு கோடுதான் விழுந்திருக்கும். நான் காப்பாற்றிய லட்சணத்தில் கையகல இடம் போய்விட்டது.

அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை நான். வெயிலால் வந்ததை வெயிலால்தான் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். அட்டைப்பெட்டியை வெட்டி, அந்த வெள்ளை இடம் மட்டும் தெரியும்படி ஓட்டை போட்டு, கிட்டாரின் மேல் வைத்துக் கட்டி, மொட்டை மாடியில் வெயிலில் படுக்க வைத்தேன். வைகாசி வெயில். பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். கால் மணிக்கொரு முறை அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. மாறாமல் விடுவதில்லை என்று நானும் எழவில்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும், கிட்டாருக்குள்ளிருந்து டிக்கென்று ஒரு சத்தம். கம்பிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டை இருக்கிறதே, வெயிலில் பசை இளகி அது பெயரப் போகிறது என்று தெரிந்துவிட்டது. அட்டையும் கயிறுமாக வாரிக்கொண்டு கீழே ஓடினேன். நிழலில் வைத்து, கம்பிகளையெல்லாம் தளர்த்தி, கட்டையை விரலால் தடவிப் பார்த்தேன். பெயரவில்லை. உயிர் போய் வந்தது எனக்கு. அதற்குமேல் அதைச் சோதிக்கத் துணிச்சல் இல்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்லிவிடுவது, முதலில் அவளிடம், பிறகு அப்பாவிடம் என்று தீர்மானித்தேன். தாளைத் திரும்ப ஒட்டி, கிட்டாரை ஆணியில் மாட்டினேன்.

தங்கை ஞாயிறு காலை வந்தாள். அப்பா அவளுக்கென்று நாட்டுக்கோழி வாங்கக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் கிட்டாரை இறக்கிக் கட்டிலில் வைத்து, அவள் கண்ணெதிரே தாளை உரித்தேன்.

“நாந்தான் கண்ணு. உரிக்கச் சொன்னாங்க, உரிக்காம உட்டுப்போட்டேன். புதுசாட்டக் குடுக்கறேன்னு அப்பாகிட்டச் சொல்லியிருந்தேன். இப்பிடிப் பண்ணிப்போட்டேன்.”

அவள் அந்த வெள்ளையைப் பார்க்கக்கூட இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது புதுசே இல்லீங்க.”

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

“ஆஸ்பத்திரில எங்கூட இருந்த டாக்டரம்மா ஊர் மாறிப் போறப்ப வித்துட்டுப் போனாங்க. பை மட்டுந்தானுங்க கடையில வாங்கினேன். இங்க பாருங்க.” கழுத்து உடம்போடு சேரும் இடத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். விரல் நுனியளவு ஒரு சொட்டை, அதே நிறத்து மெழுகு வைத்து அடைத்து வழித்திருந்தது. “வாசப்படி ஏறறேன், அப்பா ‘புதுசா கண்ணு’ன்னு கேட்டாரு. நா வாயத் தொறக்கறதுக்குள்ள தெருவையே கூட்டிட்டு வந்துட்டாருங்க. அப்பறம் எப்பிடீங்கக்கா சொல்றது? உங்ககிட்டச் சொல்லலாம்னா, உங்களுக்கு வாயில நிக்காதுங்களே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ரெண்டு வருசம் புள்ள! ரெண்டு வருசம் பச்சப் புள்ளைக்குப் பண்ணறாப்பல பண்ணியிருக்கறேன். தண்ணி தெளிச்சு, வழிச்சு, கொடியில காயப்போட்டு… தெருவே சிரிச்சுது. நேத்து மொட்ட மாடியில வெயில்ல வெந்தேன். யாரோ கழிச்சுக்கட்டுனதுக்கா?” அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. அவள் கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது. அவளுக்கும் பள்ளிக்கூடப் பை தோப்புக்காரர் வீட்டிலிருந்துதான் வந்தது, எனக்குப் பிறகு. என் பெயரை நான் எழுதாமலே விட்ட அந்தப் பையைத்தான் அவளும் சுமந்தாள். நான் அவள் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தாளைத் திரும்ப ஒட்ட நேரமில்லை. அப்பா கோழியும் பையுமாக உள்ளே வந்தார். கட்டிலில் வெறும் முகத்தோடு கிடந்த கிட்டாரைப் பார்த்தார். குனிந்தார்.

“இதென்ன கண்ணு, இந்த எடம் மட்டும் வெள்ளையா இருக்குது?”

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தவள்தான் நான். தங்கை என் முழங்கையைப் பிடித்தாள். அவள் பிடிக்கவே வேண்டியதில்லை.

“வெயில் படாத எடமுங்கப்பா” என்றேன். “மத்ததெல்லாம் வெயில்ல நெறம் மாறிப்போச்சுங்க. வாங்கினப்ப முழுசும் இந்த நெறந்தானுங்க. இந்த எடம் மட்டும் அன்னைக்கு வந்தது வந்தாப்பலயே இருக்குதுங்க.”

அப்பா கோழியைக் கீழே விட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்த வெள்ளை இடத்தை ஒரு விரலால் ஓரம் ஓரமாகத் தடவினார். நான் வெட்டிய வளைவு முழுக்க விரல் போய் வந்தது.

“ஆமா கண்ணு” என்றார். “இந்த நெறந்தான். எனக்கு நல்லா நெனப்பிருக்குது.”